அடுக்குக் கட்டிலும் அடுப்பங்கரையும்

தில்லி மாநகரின் நிறுத்தங்களையும் நிலையங்களையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். யூசுப் சராய், பேர் சராய், ஜியா சராய், கட்வாரியா சராய், சராய் காலே கான், சராய் ரோகில்லா என அப்பெயர்கள் நீளும். சராய் என்பது வழிப்போக்கர் இரவில் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஒரு காலத்தில் தில்லியை நோக்கி வந்த வணிகரும் படைவீரரும் கவிஞரும் புனிதப் பயணிகளும் இவ்விடங்களில் ஒட்டகங்களையும் குதிரைகளையும் கட்டிவிட்டுக் கண்ணயர்ந்தனர். பேரரசர் ஷாஜகானின் மகள் ஜஹானாரா பேகம் சாந்தினி சௌக்கில் கட்டுவித்த சராய் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். இன்று அவ்விடத்தில் பழைய நகர மண்டபம் நிற்கிறது. சராய்கள் பல மறைந்துவிட்டன; பெயர்கள் மட்டும் பேருந்துப் பலகைகளில் எஞ்சியுள்ளன.

தமிழகத்தில் இதே பணியைச் சத்திரங்கள் செய்தன. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள மங்கம்மாள் சத்திரமும், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரமும் தமிழர் நன்கறிந்தவை. பசித்து வந்தவர்க்குச் சோறும் களைத்து வந்தவர்க்குத் திண்ணையும் தந்த அறம் பெரிது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்கியவர்கள் அனைவரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பழகினர் என்று கொள்வதற்கில்லை. சாதிக்கொரு பந்தி என்பது பல சத்திரங்களில் வழக்கமாயிருந்தது. உடன்வந்த சுற்றத்தாரோடு உண்டு, உடன்வந்த சுற்றத்தாரோடு உறங்கி, விடிந்ததும் அவர்களோடே புறப்பட்டுவிடுவர். அடுத்த தூணின் அருகே படுத்திருந்தவர் எவர் என்று கேளாமலே ஊர் திரும்பியவர் எத்தனையோ பேர்.

அறிமுகமற்ற இளைஞர்கள் ஓர் அறையில் படுத்து, ஓர் அடுப்பில் சமைத்து, தம் பாத்திரத்தைத் தாமே கழுவி, நண்பர்களாகப் பிரியும் இளைஞர் விடுதி என்னும் ஏற்பாடு அதனினும் வேறானது. அது தோன்றி நூறாண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. அதனைத் தோற்றுவித்தவர் அரசரோ வணிகரோ அல்லர், ஒரு பள்ளியாசிரியர்.

ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ரிச்சர்டு ஷிர்மான் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த கெல்சன்கிர்ஹன் நகரில் அவர் சிலகாலம் ஆசிரியப் பணி ஆற்றினார். புகை மூடிய வானத்தின்கீழ் வளர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காடும் ஓடையும் பாடநூலில் காணும் படங்களாகவே இருந்தன. ஷிர்மான் அவர்களை வகுப்பறைக்கு வெளியே நடத்திச் சென்று, நடந்துகொண்டே பாடம் சொன்னார். பின்னர் அல்ட்டினா என்னும் ஊருக்கு மாற்றலாகிச் சென்றபின்னும் இவ்வழக்கத்தை அவர் விடவில்லை.

1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் தம் மாணவர்களுடன் அவர் பல நாள் நடைப்பயணம் ஒன்றில் இருந்தார். மாலையில் இடியும் மழையும் கடுமையாகப் பிடித்துக்கொண்டன. இரவு தங்க இடமில்லை. விடுமுறைக்காக மூடப்பட்டிருந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பலகைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் படுத்துறங்கினர். வெளியே இடி முழங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியருக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பள்ளி உண்டு. விடுமுறை நாள்களில் அப்பள்ளிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றில் ஓர் அறையை நடந்துவரும் பிள்ளைகளுக்கு இரவில் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவ்விரவில் அவருக்குத் தோன்றியது. மறு ஆண்டே அதனைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதினார். 1912-ஆம் ஆண்டு அல்ட்டினா ஊரின் பழைய கோட்டைக்குள் உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. அங்கே கனத்த மரத்தாலான அடுக்குக் கட்டில்களில் பிள்ளைகள் உறங்கினர். அக்கட்டில்கள் இன்றும் அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

முதல் உலகப்போரில் ஷிர்மானும் படையில் சேர்க்கப்பட்டார். 1915-ஆம் ஆண்டுக் கிறித்துமஸ் நாளில் வோழ் மலைப்பகுதியில் ஜெர்மானிய வீரரும் பிரெஞ்சு வீரரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பதுங்குகுழிகளுக்கு இடையே உணவுப் பொருள்களை மாற்றிக்கொண்டதை அவர் கண்டார். நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் ரொட்டியைப் பகிர்ந்தனர். இவர்கள் இளமையிலேயே, படைவீரராவதற்கு முன்பே, சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் கேள்வி அவரை விடவில்லை. 1932-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவியபோது அதன் தலைமை அவருக்கு வந்தது. 1936-இல் நாசி அரசு அவரை அப்பொறுப்பிலிருந்து விலகச் செய்தது. பிற நாட்டுப் பிள்ளையோடு ஒரே கட்டிலின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் படுத்துப் பேசிய சிறுவனைப் பிற்காலத்தில் அவர்மீது பகை கொள்ளச் செய்வது அரிது. வெறுப்பை விதைக்க விரும்பிய ஆட்சிக்கு இது தெரியாமலா இருக்கும்?

இவ்வியக்கம் இந்தியாவில் வேர்கொண்ட இடமும் ஒரு மலையூரே. 1945-ஆம் ஆண்டு, சிம்லாவுக்கு அண்மையிலுள்ள தாரா தேவி என்னுமிடத்தில், சாரணர் இயக்கத்தினரின் முயற்சியால் நாட்டின் முதல் இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. பின்னர் இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் உருவாயிற்று. அதன் தலைமையகமும் பன்னாட்டு இளைஞர் விடுதியும் இன்று புதுதில்லியின் சாணக்கியபுரியில் உள்ளன. தூதரகங்களின் உயர்ந்த மதில்களுக்கு நடுவே, மதில் வேண்டாத நட்புக்கென ஒரு கட்டடம் நிற்பது வியப்புக்குரிய பொருத்தம்தான்.

தில்லியிலிருந்து தாரா தேவிக்குச் செல்லும் வழி அழகியது. ஹௌராவிலிருந்து வரும் கால்கா வண்டி (இப்போது அதன் பெயர் நேதாஜி விரைவுவண்டி) இரவில் பழைய தில்லியைக் கடந்து, வைகறையில் கால்காவைச் சேர்கிறது. அங்கிருந்து 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலைப்பாதை தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 762 மில்லிமீட்டர் மட்டுமே. 96 கிலோமீட்டர் தொலைவில், 100-க்கும் மேற்பட்ட குகைப்பாதைகளைக் கடந்து, 656 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 2,076 மீட்டர் உயரத்துக்குச் சிறு வண்டி ஏறுகிறது. உதகை மலை இரயிலில் சென்ற தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வண்டி தன் ஊர் வண்டியின் உடன்பிறப்பாகத் தோன்றும். யுனெஸ்கோ நிறுவனமும் இவ்விரண்டையும் ஒரே உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தே வைத்துள்ளது. சிம்லாவை அடையச் சில நிலையங்கள் இருக்கும்போதே தாரா தேவி வந்துவிடும். தேவதாரு மரங்களின் நறுமணம் சாளரத்தின் வழியே உட்புகும். தில்லியின் ஜூன் மாதத்து அனலிலிருந்து வந்தவர் முதன்முறையாக மூச்சை முழுமையாக இழுப்பது அங்கேதான்.

இம்மலைகளுக்குத் தம் சுமையைத் தாமே சுமந்து செல்வது சிறு செய்தியன்று. 1864 முதல் சிம்லா ஆங்கில அரசின் கோடைத் தலைநகராக விளங்கியது. கோடைதோறும் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் பெட்டி படுக்கைகளோடு மலையேறினர். அப்பெட்டிகள் தாமாக ஏறவில்லை. பேகார் என்னும் வழக்கப்படி மலைச் சிற்றூர்களின் உழவர்கள், கழனி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வரும் அதிகாரியின் சுமையைத் தூக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கட் பகுதியில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் அவ்வுழவர்களோடு சேர்ந்து 1920, 1921-ஆம் ஆண்டுகளில் இக்கொடுமையை எதிர்த்துப் போராடினார். கட்டாயச் சுமை அப்பகுதியில் ஒழிந்தது. இமாசலத்துக்குச் சிவந்த ஆப்பிளைக் கொண்டுவந்தவர் என்றே பலரும் அவரை நினைக்கின்றனர். உழவரின் முதுகிலிருந்து பிறர் பெட்டியை இறக்கியது அதனினும் பெரிய தொண்டு. இன்று பத்துக் கிலோ முதுகுப்பையைச் சுமந்து மூச்சுவாங்க மேட்டில் ஏறும் மாணவி இவ்வரலாற்றை அறியாமலிருக்கலாம். ஆனால் எதிரே வரும் மலைவாழ் மூதாட்டி, புற்கட்டைச் சுமந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்துப் புன்னகைக்கும்போது, இருவரும் அவரவர் சுமையையே சுமக்கின்றனர்.

விடுதியை அடைந்தவுடன் முதலில் கண்ணிற்படுவது காலணிகள். வாயிற்படியில் ஈரம் உலராத காலணிகள் வரிசையாகக் கிடக்கும். உள்ளே பொது உறங்குகூடம். ஆறு, எட்டு, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்குக் கட்டில்கள். மேல் தட்டு யாருக்கு, கீழ்த் தட்டு யாருக்கு என்பதில் தொடங்குகிறது முதல் பேச்சு. முழங்கால் வலியுள்ளவர்க்குக் கீழ்த் தட்டை விட்டுக்கொடுத்தவரின் பெயரைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை. பெயருக்கு அடுத்தது ஊர். தனியறையில் தங்குபவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே சாத்துவதற்குக் கதவே இல்லை. ஒருவர் குறட்டை விட்டால் எண்மரும் விழித்திருக்கவேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டால் அது முழு உண்மையாகாது.

ஆனால் நட்பு உண்மையில் முளைக்கும் இடம் உறங்குகூடமன்று; அடுப்பங்கரை. அதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆதலால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், சிம்லாவின் உயரத்தில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். நீர் விரைவில் கொதித்தாலும் அதன் சூடு குறைவாதலால் பருப்பு எளிதில் வேகாது. தில்லி வீட்டில் வழக்கமான நேரத்தில் குழைந்த துவரம்பருப்பு, மலையூரில் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் அடம்பிடிக்கும். அடுப்பைச் சுற்றி நின்று காத்திருக்கும் அந்நேரத்தில் பேசாமல் என்ன செய்வது?

பாலக்காட்டிலிருந்து வந்த செவிலியர் ஒருவர், இந்தூரில் கணக்கெழுதும் ஒருவர், தில்லி முனிர்காவில் அறையெடுத்துப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் இளைஞர், குமாவுன் மலைப்பகுதியில் பிறந்து தில்லிக் கல்லூரியில் பயிலும் மாணவி என்று எவர் வேண்டுமானாலும் அங்கே கூடலாம். ஒருவர் வெங்காயம் அரிய, மற்றொருவர் புளியைக் கரைக்க, இரசத்தின் மணம் எழுகிறது. இரசம் என்றால் என்ன என்று வினவும் வடநாட்டார்க்கு அதனை விளக்குவது கடினம்; ஒரு குவளையில் ஊற்றிக் கொடுப்பது எளிது. குளிரில் மிளகும் பூண்டும் தொண்டையில் இறங்கியபின் மேலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. பையா, தீதி என்று தொடங்கிய விளிகள், மறுநாள் காலைக்குள் அண்ணா, அக்கா என்று மாறியிருக்கும். அண்ணன் என்னும் சொல்லைப் பிறமொழியாளர் ஒருவர் ணகரத்தை நகரமாக்கி அழைக்கும்போது அச்சொல்லுக்கே ஒரு புதிய இனிமை வருகிறது.

பேச்சு எங்கெங்கோ செல்லும். குமாவுன் மாணவி தன் ஊரில் வேனில் தொடக்கத்தில் மலைமுழுதும் செந்நிறமாகப் பூக்கும் புராஞ்ச் மரத்தைப் பற்றிச் சொல்வாள். உத்தராகண்டின் மாநில மரம் அது. அதன் இதழ்களைப் பிழிந்து பருகுநீர் செய்வர். கேட்டுக்கொண்டிருந்த நீலகிரிக்காரருக்குத் திடீரென நினைவு வரும். உதகையின் சோலைக்காடுகளின் ஓரத்திலும் அதே செந்நிறப் பூ உண்டு. தமிழில் அதனைக் காட்டுப்பூவரசு என்பர். இமயத்து மரமும் நீலகிரி மரமும் ஒரே இனத்தின் கிளைகள். இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பச் சமவெளி கிடக்க, குளிர் விரும்பும் மரம் இரு முனைகளிலும் எப்படி வந்தது? முற்காலத்தில் தட்பவெப்பம் இன்னும் குளிர்ந்திருந்தபோது இவ்வினங்கள் பரவியிருந்து, பின்னர் வெப்பம் ஏற ஏற மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. பருப்பு வெந்துகொண்டிருக்கையில் இரு மாநிலத்தார் தம் மரங்கள் உறவினர் என்று கண்டறிகின்றனர். எந்த வகுப்பறையிலும் இப்பாடம் இவ்வளவு ஆழமாகப் பதியாது.

இரவில் அனைவரும் கூடிப் பாடுவதும் உண்டு. காட்டைக் காக்கும் பொருட்டு விறகை எரிக்காமல், ஒரு மின்விளக்கைச் சுற்றி அமர்ந்து அதனையே தீ எனப் பாவித்துப் பாடும் வழக்கம் மலையேற்ற முகாம்களில் காணப்படுகிறது. முதலில் நகைப்பாக இருக்கும். இரண்டாம் பாட்டுக்குப் பின் விளக்கென்ன, தீயென்ன, வேறுபாடு மறந்துவிடும்.

இவ்வாறு மூன்று நாளில் பிறக்கும் நட்பு உண்மையான நட்பா என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையம் பொருளற்றதன்று. விடுதியில் எவரும் தம் முகங்களுள் இனியதையே காட்டுகின்றனர். கடன் கேட்பதில்லை, நோயில் கிடப்பதில்லை, சினம் முற்றுமுன் பேருந்து வந்துவிடுகிறது. முன்பின் அறியாதவரை உடனே முழுதும் நம்பிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. பணத்தையும் அடையாள அட்டையையும் பூட்டி வைப்பது நட்புக்கு இழுக்கன்று. எங்குச் செல்கிறோம், யாருடன் செல்கிறோம் என்பதை வீட்டாரிடம் தெரிவிப்பதும் அவ்வாறே.

எனினும் குறுகிய காலத்து நட்பை எள்ளி ஒதுக்குவதற்கு முன், மத்தியப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். பணி மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் நடுவண் அரசு ஊழியர்தம் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் இருக்கவே 1963-ஆம் ஆண்டு இப்பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பை ஆவடியிலும் ஏழாம் வகுப்பைக் குவாகாத்தியிலும் ஒன்பதாம் வகுப்பைத் தில்லியிலும் படிக்கும் பிள்ளைக்கு எல்லா நட்பும் ஒருவகையில் விடுதி நட்பே. ஆணை வந்தவுடன் பெட்டி கட்டவேண்டும். இரண்டே ஆண்டு பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் கையெழுத்து, அவள் முகத்தைவிடத் தெளிவாக நினைவில் நிற்கும். அந்நட்பு பொய்யென்று அப்பிள்ளையிடம் யார் சொல்லத் துணிவார்?

தமிழ் மரபு இவ்வகையில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஒருவர் உறையூரில் ஆண்டார். மற்றவர் பாண்டிநாட்டில் வாழ்ந்தார். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார் என்று சொல்லித் தன் அருகில் அவருக்கும் இடம் ஒதுக்கச் செய்தான். சூழ நின்றோர் நம்பவில்லை, அவர் வந்தார். புறநானூறு காட்டும் இந்நட்பில் பழகிய நாள்களின் எண்ணிக்கை சுழியம்.

இன்றைய விடுதிகளில் நட்புக்கு இடையூறாக வந்திருப்பது குறுகிய காலமன்று, கைபேசி. எண்மர் படுத்திருக்கும் அறையில் எட்டு ஒளித்திரைகள் மின்னுகின்றன. கண்ணெதிரே இருப்பவரை விட்டுத் தொலைவில் இருப்பவரோடு பேசுவதற்காகவா இவ்வளவு மேடு ஏறி வந்தனர் என்று விடுதிக் காவலர் வியந்தால் அதில் குற்றமில்லை. வலைத்தொடர்பு கிட்டாத மலைமுகாம்களில் தங்கியவர்கள் பிறரைவிட மிகுதியான பெயர்களை நினைவில் வைத்திருப்பர்.

மலையூர் என்பது வந்து தங்குவோர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் மறக்கத்தக்கதன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிம்லாவில் குடிநீர்த் தட்டுப்பாடு கடுமையாயிற்று. ஊர்மக்கள் குடங்களோடு இரவும் பகலும் வரிசையில் நின்றனர். சுற்றுலாப் பயணிகள் இப்போது வரவேண்டாம் என்று அவ்வூரார் சிலர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டனர். விருந்தோம்பலை உயிராகக் கொண்ட மலைமக்கள் அவ்வாறு சொல்ல நேர்ந்ததன் துயரை எண்ணிப் பார்க்கவேண்டும். அடுக்குக் கட்டிலில் உறங்கி, ஒரு வாளி நீரில் குளிக்கும் பயணி, தனியறையும் தொட்டிக் குளியலும் நாடுவோரைவிட அவ்வூர்க்குக் குறைந்த சுமையே. தேநீர்க் கடைக்காரரிடம் பெயர் கேட்டு, அவர் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று வினவி அமர்பவருக்கு ஊற்று எங்கே வற்றியது, எந்தச் சரிவில் மண் இளகியிருக்கிறது என்பனவும் தெரியவரும். வழிகாட்டி நூல்களில் அச்செய்தி இராது.

புறப்படும் நாள் காலையில் விடுதியில் ஓசை மிகுதி. துயில்பையைச் சுருட்டுவோர், காலுறையின் இணையைத் தேடுவோர், நாட்குறிப்பில் முகவரி எழுதி வாங்குவோர் என அனைவரும் விரைவர். முதல் பேருந்து எதிர்த்திசையில் செல்வதாயின் பாதிப்பேர் வாயிலில் நின்று கையசைப்பர். அடுப்பங்கரையில் ஒரு மரத்தட்டு உண்டு. சுமக்க இயலாத மிச்சங்களை அதில் வைத்துவிட்டுச் செல்வது விடுதிகளின் வழக்கம். பாதிக் கட்டு உப்பு, ஒரு கைப்பிடிப் பருப்பு, காகிதத்தில் மடித்த மிளகு, சிறிது புளி. புளிப் பொட்டலத்தின்மேல் இந்தியில் ஒருவர் எழுதியிருப்பார்: இது இரசத்துக்கு. மாலை வண்டியில் வருவோர் அதனை எடுத்துப் பார்த்து, இரசம் வைக்கத் தெரிந்தவர் யாரேனும் அறையில் உண்டா என்று கேட்கத் தொடங்குவர்.